கொல்லும் செல்லுக்கு உத்தரவு தருவது யார்?

2020-ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, மும்பையில் நம் தமிழ்க் குடும்பங்களின் சமையலறைகளில் கபசுரக் குடிநீர், மிளகுக் கஷாயம், மஞ்சள் பால் என்று வேளைக்கு ஒன்று அடுப்பில் ஏறியது. "எதிர்ப்பு சக்தி ஏறணும்" என்பதுதான் எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. அதே ஆண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ஒரு பெரிய ஆய்விலிருந்து ஒரு செய்தி வந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த கொரோனா நோயாளிகளிடையே மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்சாமெத்தசோன் என்ற மருந்து. மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு. எதிர்ப்பு சக்தியை ஏற்றும் மருந்து அல்ல அது, தணிக்கும் மருந்து.

நான் இந்நகரில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த நாட்களில் நம் சங்கத்து நண்பர்கள் பலர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "என்ன சார் இது? ஏத்தணுமா, இறக்கணுமா? ஒண்ணாச் சொல்லுங்க." ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இதற்குக் கிடையாது. ஏனென்றால் எதிர்ப்பு சக்தி என்பது தண்ணீர்த் தொட்டி மட்டம் போல ஏறி இறங்கும் சமாசாரம் அல்ல. அது கோடிக்கணக்கான செல்கள் நொடிக்கு நொடி எடுக்கும் முடிவுகளின் தொகுப்பு. அந்த முடிவுகளிலேயே மிகக் கடுமையானது, "இந்த செல்லைக் கொல்லலாமா, விடலாமா?" என்பது. அந்த ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நம் மலரின் வாசகர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். செல் என்றவுடன் இளைய தலைமுறைக்குக் கைபேசி நினைவுக்கு வரும். நான் சொல்வது உயிரணுவை.

ஆயுதம் என்ன?

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. அவற்றில் நம் உடம்பைச் சேர்ந்த செல்லையே தொட்டுக் கொல்லும் ஆற்றல் உடையவை முக்கியமாக இரண்டு. ஒன்று, கொல்லி டி செல். மற்றொன்று, இயற்கைக் கொல்லி செல். வைரஸ் புகுந்த செல்லையும், புற்றுநோயாக மாறும் செல்லையும் ஒழிப்பது இவற்றின் வேலை.

இரண்டின் ஆயுதமும் ஏறத்தாழ ஒன்றே. செல்லுக்குள் சிறு சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுள் பெர்ஃபோரின், கிரான்சைம் என்ற இரண்டு வகைப் புரதங்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கொல்லி செல் இலக்கோடு ஒட்டிக்கொண்டதும், ஒட்டிய இடத்தில் மட்டும் பைகளைத் திறக்கிறது. பெர்ஃபோரின் எதிரே உள்ள செல்லின் சவ்வில் துளை போடுகிறது. அதன் வழியே கிரான்சைம் உள்ளே நுழைகிறது. எல்லா செல்லிலும் "தன்னைத் தானே அழித்துக்கொள்" என்ற ஒரு திட்டம் முன்கூட்டியே இருக்கிறது; கிரான்சைம் அதை முடுக்கிவிடுகிறது. செல் வெடித்துச் சிதறாமல், துண்டு துண்டாக மடிந்து சுருங்குகிறது. துப்புரவு வேலை பார்க்கும் வேறு வெள்ளை அணுக்கள் அந்தத் துண்டுகளை விழுங்கிவிடுகின்றன. அக்கம்பக்கத்து செல்லுக்குச் சேதம் இல்லை. கொன்று முடித்த செல் விலகி அடுத்த இலக்கைத் தேடிப் போகிறது.

இவ்வளவு கூர்மையான ஆயுதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தச் செல்கள் நம் ஈரல், நுரையீரல், குடல் என்று எல்லா இடத்திலும் நல்ல செல்களை உரசிக்கொண்டே திரிகின்றன. ஆனாலும் நாம் உயிரோடு இருக்கிறோம். அதுதான் ஆச்சரியம். ஆயுதத்தை விட, அதை எப்போது எடுக்க வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும் என்று சொல்லும் சமிக்ஞைகளே இங்கு முக்கியம்.

வாசலில் வைத்த கிண்ணம்

கொல்லி டி செல் இலக்கை எப்படி அடையாளம் காண்கிறது? நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும், உள்ளே தயாராகும் புரதங்களின் சிறு துணுக்குகளை எடுத்து, எச்.எல்.ஏ. என்ற ஒரு புரதத்தில் பொதித்து, தன் மேற்பரப்பில் காட்டுகிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் உள்ளே என்ன சமையல் என்பதற்கு ஒரு மாதிரியைக் கிண்ணத்தில் போட்டு வாசலில் வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். எச்.எல்.ஏ.தான் கிண்ணம். வைரஸ் புகுந்த வீட்டின் கிண்ணத்தில் வைரஸின் துணுக்கும் இருக்கும்.

டி செல் கிண்ணத்தையும் அதில் உள்ள பண்டத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பார்ப்பதில்லை. இதை ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் 1970-களின் தொடக்கத்தில் கண்டறிந்து 1974-இல் வெளியிட்டவர்கள் ரோல்ஃப் சிங்கர்நாகல், பீட்டர் டோஹெர்ட்டி என்ற இருவர். 1996-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு செல்லின் மேல் அந்நியத் துணுக்கு உள்ள கிண்ணம் பத்துக்கும் குறைவாக இருந்தாலே போதும், பழகிய கொல்லி டி செல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

உள்ளே ஓடும் செய்தி

வெளியே தொட்டது உள்ளே எப்படித் தெரிகிறது? டி செல்லின் ஏற்பிக்கு உட்புற வால் மிகக் குட்டை. அதனால் தானாகச் செய்தி அனுப்ப முடியாது. அதன் அருகில் சி.டி.3 என்ற துணைப் புரதங்கள் நீண்ட வால்களோடு நிற்கின்றன. ஏற்பி இலக்கைப் பிடித்ததும், எல்.சி.கே. என்ற நொதி அந்த வால்களில் பாஸ்பேட் குறிகளை ஒட்டுகிறது. பத்திரத்தில் முத்திரை குத்துவது போல. முத்திரையைப் பார்த்து சாப்-70 என்ற அடுத்த நொதி வந்து அமர்கிறது. அது மேலும் சில புரதங்களுக்கு முத்திரை குத்துகிறது. இது எல்லாம் சில நொடிகளில். முடிவில், செல்லின் கிடங்கில் இருந்தும் வெளியில் இருந்தும் கால்சியம் உள்ளே பாய்கிறது.

கால்சியம் பாய்ந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று உடனடியாக: நச்சுப் பைகள் இலக்கு இருக்கும் பக்கமாக நகர்ந்து திறக்கின்றன. மற்றொன்று நிதானமாக: கால்சிநியூரின் என்ற நொதி விழித்துக்கொண்டு, என்-ஃபாட் என்ற புரதத்தை செல்லின் கருவுக்குள் அனுப்புகிறது. அங்கே மரபணுக்கள் திறந்து, செல் பெருகவும் சக செல்களுக்குச் செய்தி அனுப்பவும் தேவையான புரதங்கள் உருவாகின்றன.

இங்கே ஒரு நுட்பம். கால்சியம் வரத்து நின்றால் என்-ஃபாட் சில நிமிடங்களில் கருவை விட்டு வெளியேறிவிடும். நம் லோக்கல் ரயிலில் மோட்டார்மேன் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் வண்டி ஓடும், கையை எடுத்தால் பிரேக் விழுந்து நின்றுவிடும் என்பார்களே, அதே ஏற்பாடு. தாக்குதல் தொடர வேண்டுமானால் உத்தரவும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கைப்பிடியைத்தான் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களின் மாத்திரை தளர்த்துகிறது. ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின், 1984-இல் ஜப்பானின் சுகுபா வட்டாரத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்த டாக்ரோலிமஸ் ஆகிய இரண்டும் கால்சிநியூரினையே தடுக்கின்றன. பிறர் தந்த சிறுநீரகத்தின் கிண்ணம் வேறு மாதிரி இருப்பதால் டி செல்கள் அதை அந்நியமாகப் பார்க்கும். மாத்திரை இருக்கும் வரை உத்தரவு கருவுக்குப் போய்ச் சேராது. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தினால், கைப்பிடி மீண்டும் அழுத்தப்படும்.

இரண்டு சாவி வேண்டும்

வங்கி லாக்கரைத் திறக்க நம் சாவியோடு வங்கிக்காரரின் சாவியும் வேண்டும் அல்லவா? முதன்முறையாகக் களத்தில் இறங்கும் டி செல்லுக்கும் அதே விதி. ஏற்பி இலக்கைக் கண்டது முதல் சாவி. "ஆம், இங்கே உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது" என்று வேறொரு காவல் செல் கொடுக்கும் உறுதிமொழி இரண்டாவது சாவி. அதை வாங்கும் பூட்டின் பெயர் சி.டி.28. முதல் சாவி மட்டும் கிடைத்தால் டி செல் பெரும்பாலும் செயலற்றுப் போய்விடும். நம் சொந்தப் புரதத்தைத் தவறாகப் பிடித்த டி செல்கள் கலகம் செய்யாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த விதியை மீறினால் என்ன ஆகும் என்பதை 2006 மார்ச் 13 அன்று லண்டன் காட்டியது. நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டி.ஜி.என்.1412 என்ற புதிய மருந்தை முதன்முறையாக மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது சி.டி.28-ஐ மிகக் கடுமையாகத் தூண்டும் எதிர்ப்புரதம். முதல் சாவி இல்லாமலேயே டி செல்லைக் கிளப்பிவிடக் கூடியது. குரங்குகளுக்கு 500 மடங்கு கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மருந்து பெற்ற ஆரோக்கியமான 6 இளைஞர்களும் ஒன்றரை மணி நேரத்துக்குள் துடித்தார்கள். காய்ச்சல், தலைவலி, இரத்த அழுத்த வீழ்ச்சி, பிறகு உறுப்புகள் செயலிழப்பு. டி செல்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, சைட்டோகைன் என்ற செய்திப் புரதங்களைக் கொட்டித் தீர்த்துவிட்டன. தீவிர சிகிச்சையில் ஆறு பேரும் பிழைத்தார்கள். ஒருவர் கால்விரல்களையும் விரல் நுனிகளையும் இழந்தார். அவர்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைவாக இருக்கவில்லை. உத்தரவு இல்லாமல் ஏறியதுதான் ஆபத்து.

கிண்ணமே இல்லாத வீடு

வைரஸும் புற்றுநோயும் சும்மா இருக்குமா? கிண்ணத்தில் துணுக்கைக் காட்டினால்தானே மாட்டிக்கொள்வோம் என்று, கிண்ணத்தையே ஒளித்து வைக்கும் தந்திரத்தைச் சில வைரஸ்களும் புற்று செல்களும் கற்றிருக்கின்றன. டி செல்லுக்கு அந்த வீடு தெரியாது. இங்கேதான் இரண்டாவது வகையான இயற்கைக் கொல்லி செல் வருகிறது.

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 1975-இல் ரோல்ஃப் கீஸ்லிங்கும் அவருடைய குழுவினரும் இச்செல்லை விவரித்தார்கள். ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பெர்மன் குழுவும் கண்டது. முன்பயிற்சி எதுவும் இல்லாமலேயே புற்று செல்லைக் கொல்கிறதே, எதைப் பார்த்து? அதே நிறுவனத்தின் கிளாஸ் ஷேரே ஒரு தலைகீழான யோசனை சொன்னார். இச்செல் எதிரியின் அடையாளத்தைத் தேடவில்லை. நம்மவரின் அடையாளம் காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கிறது. 1986-இல் வெளியான எலிச் சோதனையில், கிண்ணம் உள்ள புற்று செல்கள் வளர்ந்தன. கிண்ணம் குறைந்த அதே வகைப் புற்று செல்களை எலிகள் ஒழித்துவிட்டன. நமக்கும் இது பழக்கமானதுதான். தினமும் வாசலில் கோலம் போடும் வீட்டில் ஒருநாள் கோலம் இல்லையென்றால், "என்னாச்சு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பதில்லையா?

இயற்கைக் கொல்லி செல்லின் மேல் "போ" என்று சொல்லும் ஏற்பிகளும், "நில்" என்று சொல்லும் ஏற்பிகளும் கலந்திருக்கின்றன. துன்பத்தில் உள்ள செல் சில அபாயப் புரதங்களை வெளிக்காட்டும், அது "போ". எச்.எல்.ஏ. கிண்ணம் இருந்தால் அது "நில்". இரண்டும் ஒரே தராசில் ஏறுகின்றன. "போ" ஏற்பி பாஸ்பேட் முத்திரை குத்தச் செய்கிறது. "நில்" ஏற்பியின் வாலில் முத்திரையைச் சுரண்டி எடுக்கும் ஷிப்-1 என்ற நொதி வந்து உட்காருகிறது. குத்துவது ஒருவர், அழிப்பது ஒருவர். எது மிஞ்சுகிறதோ அதுவே தீர்ப்பு.

2005-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வேன் யோகோயாமா குழு ஒரு விஷயத்தை எலிகளில் காட்டியது. வளரும் பருவத்தில் நம்மவர் கிண்ணத்தைக் கண்டு, "நில்" என்ற சொல்லைக் கேட்டுப் பழகிய இயற்கைக் கொல்லி செல்லுக்கே முழுக் கொல்லும் திறன் வருகிறது. நிற்கக் கற்காதவனுக்கு ஆயுத உரிமம் இல்லை என்பது உடம்பின் சட்டம்.

கொல்ல முடியாவிட்டால்?

"கொல்லும் செல்லுக்குக் கொல்லும் சக்தி குறைந்தால் நல்லதுதானே சார், உடம்பு அமைதியாக இருக்கும்" என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. இயற்கை தரும் பதில் கொடுமையானது.

எச்.எல்.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பிறவி நோய் உண்டு. 1999-இல் இந்நோய் உள்ள சில குடும்பங்களில் பெர்ஃபோரின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். அதாவது, துளை போடும் ஆயுதமே இல்லாத குழந்தைகள். அவர்கள் அமைதியாக இல்லை. விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், ஈரல், சரியும் இரத்த அணுக்கள். உடம்பு முழுதும் சைட்டோகைன் புயல். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிருக்கே ஆபத்து.

ஏன் இப்படி? மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2015-இல் விடை தந்தார்கள். கொல்லி செல்லுக்கு "வேலை முடிந்தது, விலகு" என்ற சமிக்ஞையைத் தருவது இறக்கும் இலக்குதான். இலக்கு சாகாவிட்டால் கொல்லி செல் விலகுவதில்லை; சாதாரண நேரத்தைப் போல் சுமார் 5 மடங்கு நேரம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மோட்டார்மேன் கைப்பிடி அழுத்தியபடியே இருக்கிறது. கால்சியம் பாய்ந்துகொண்டே இருக்க, செய்திப் புரதங்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. கொன்று முடிப்பதே நிறுத்துவதற்கான உத்தரவும் ஆகும்.

இந்நோய்க்கு முதலில் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளும், பிறகு எலும்பு மஜ்ஜை மாற்றும் செய்கிறார்கள். நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெற்றோர் இருவரும் பிழையான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமந்தபடி முழு ஆரோக்கியமாக இருப்பார்கள்; ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் கொடுத்து எடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாத காய்ச்சலில் இறந்திருந்தால், அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முன்கூட்டித் தெரிந்தால் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்காகவே எழுதுகிறேன்.

பிரேக்கைத் திருடும் புற்று

டி செல்லுக்கும் "நில்" ஏற்பிகள் உண்டு. முக்கியமானவை இரண்டு. சி.டி.எல்.ஏ.-4 என்பது, முன்பு சொன்ன இரண்டாவது சாவியை சி.டி.28-ஐ விட இறுகப் பிடித்துக்கொண்டு விடாமல் தடுக்கிறது. பி.டி.-1 என்பது, முத்திரை அழிக்கும் நொதியை வரவழைத்து உள்ளே ஓடும் செய்தியை அணைக்கிறது. இவை எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு சான்று: சி.டி.எல்.ஏ.-4 இல்லாமல் பிறக்கச் செய்த எலிகள் மூன்று நான்கு வாரங்களில் தம் டி செல்களாலேயே மடிந்தன. இவை தவிர, பிற டி செல்களை அடக்கி வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒழுங்குபடுத்தும் டி செல்களும் உண்டு. அவை பற்றிய ஆய்வுக்குத்தான் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் வழங்கப்பட்டது.

பல புற்றுநோய்கள் இந்தப் பிரேக்கைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன. பி.டி.-1-ஐ அழுத்தும் புரதத்தைத் தம் மேல் போர்த்திக்கொள்கின்றன. டி செல் எதிரியைக் கண்டுபிடித்து அருகில் வந்து நின்றும், கை ஓங்காமல் திகைத்து நிற்கிறது. ஆயுதம் இருக்கிறது, இலக்கு தெரிகிறது, உத்தரவுதான் இல்லை.

அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன் 1996-இல், சி.டி.எல்.ஏ.-4-ஐ எதிர்ப்புரதத்தால் மறைத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று காட்டினார். ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோன்ஜோ குழு 1992-இல் பி.டி.-1-ஐக் கண்டுபிடித்திருந்தது. 2011-இல் இபிலிமுமாப், 2014-இல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2018-இல் இருவருக்கும் நோபல் பரிசு. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015 ஆகஸ்டில், 90 வயதில், தோல் புற்று மூளை வரை பரவியது தெரிந்தது. அறுவை, கதிர்வீச்சு ஆகியவற்றோடு பெம்ப்ரோலிசுமாபும் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் எடுத்த படத்தில் புற்று தெரியவில்லை. 2024 டிசம்பர் 29-இல் தமது 100-ஆவது வயதில் அவர் காலமானார்.

எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. இம்மருந்துகள் பலருக்குப் பலன் தருவதில்லை. பலன் தருபவர்களுக்கும் பிரேக் தளர்ந்ததன் விலை உண்டு: குடல் அழற்சி, தைராய்டு கோளாறு, நுரையீரல், ஈரல், அரிதாக இதயம் என்று நல்ல உறுப்புகளையே டி செல் தாக்கலாம். அப்போது அதே நோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்து மீண்டும் அடக்க வேண்டி வரும்.

நம் ஊர் மும்பையின் பங்கு

இதுவரை சொன்ன அத்தனை சமிக்ஞைப் பாடமும் ஒரே சிகிச்சையில் வந்து சேர்ந்திருக்கிறது. நோயாளியின் டி செல்களையே இரத்தத்திலிருந்து எடுத்து, அவற்றுக்குப் புதிய ஏற்பி ஒன்றின் மரபணுவைக் கொடுக்கிறார்கள். ஏற்பியின் தலை, புற்று செல்லை நேராகப் பிடிக்கும் எதிர்ப்புரதம், கிண்ணம் தேவையில்லை. உட்புற வால், சி.டி.3-இன் முத்திரை வாங்கும் பகுதி. நடுவில் இரண்டாவது சாவியின் வேலையைச் செய்யும் ஒரு துண்டு. இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் கோத்த மாதிரி! இதற்குக் கார்-டி செல் சிகிச்சை என்று பெயர். இஸ்ரேலின் செலிக் எஷ்ஹார் போட்ட அடித்தளத்தின் மேல் பலர் கட்டியது.

2012-இல் பிலடெல்பியாவில் இரத்தப் புற்றுக்காக இதைப் பெற்ற எமிலி ஒயிட்ஹெட் என்ற சிறுமிக்கு சைட்டோகைன் புயல் வந்து உயிர் ஊசலாடியது. மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப் கொடுத்து ஒரே ஒரு செய்திப் புரதத்தின் ஏற்பியை மறைத்தார்கள். புயல் அடங்கியது, புற்றும் போனது. 2017 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்தபோது இச்சிகிச்சை மருந்தின் விலை மட்டும் 4,75,000 டாலர்.

நம் நாட்டின் முதல் கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19 பிறந்தது இதே மும்பையில், பவாய் ஐ.ஐ.டி. பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து செய்த வேலையில். 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அறிமுகம் செய்தார். பி செல் வகை இரத்தப் புற்றும் நிணநீர்ப் புற்றும் வேறு சிகிச்சைக்கு அடங்காமலோ திரும்ப வந்தோ இருப்பவர்களுக்கு இது. சோதனையில் பலன் மதிப்பிடப்பட்டவர்களில் நான்கில் ஏறக்குறைய மூன்று பேருக்கு நோய் பின்வாங்கியது. வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்றாலும், நடுத்தரக் குடும்பத்துக்கு இன்னும் எட்டாத தொகைதான். நல்ல பி செல்களும் சேர்ந்து அழிவதால், பிறகு தொற்றுக்கு எதிரான கவனிப்பும் வேண்டும்.

வீட்டுக்குத் தேவையான நாலு வார்த்தை

சிறுநீரகம், ஈரல் மாற்றம் செய்துகொண்டவர்கள் மாத்திரையை ஒரு வேளைகூடத் தாமாக நிறுத்தக் கூடாது. "எதிர்ப்பு சக்தி கூட்டும்" என்று விளம்பரம் செய்யும் பொடி, லேகியம், மாத்திரை எதுவாக இருந்தாலும், மாற்று உறுப்பு உள்ளவர்களும் கீல்வாதம், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். அங்கே பிரச்சினை சக்திக் குறைவு அல்ல, உத்தரவுக் குழப்பம்.

பிரேக் தளர்த்தும் புற்று மருந்து எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு, தாங்க முடியாத அசதி வந்தால், "கீமோன்னா அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்தும் இவை வரலாம்.

எதிர்ப்புச் சக்திக்கு நாம் உண்மையில் உதவ விரும்பினால், தடுப்பூசிதான் தெளிந்த வழி. அது சக்தியை ஏற்றுவதில்லை. யாரைத் தாக்க வேண்டும் என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறது. மிளகு ரசத்தை நான் குறை சொல்லவில்லை. தொண்டைக்கு இதம், நாவுக்கும் ருசி. ஆனால் டி செல்லுக்கு அதனிடமிருந்து உத்தரவு எதுவும் போவதில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொன்னதை, பாஸ்பேட் முத்திரையும் கால்சியமுமாக உடம்பு ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை யாராவது, "எதிர்ப்பு சக்தியை எப்படி சார் ஏத்தறது?" என்று கேட்டால், "எதற்கு எதிராக, எவ்வளவு நேரத்துக்கு, நிறுத்துவது யார்?" என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள். மருத்துவர்களும் இன்று அந்த மூன்று கேள்விகளுக்கு விடை தேடித்தான் மருந்து எழுதுகிறார்கள்.